கோல்ஃப் ஸ்கோர் கார்டின் பின்பக்கம் இருக்கும் லோக்கல் ரூல்ஸ்: எது செல்லும், எது செல்லாது?

நீங்கள் எழுதியதில் மூன்று சம்பவங்கள் இருக்கின்றன. மாதாந்திர மெடல் போட்டியில் (மொத்த அடிகளைக் கூட்டி ஸ்கோர் பார்க்கும் போட்டி) டீ ஷாட், அதாவது ஹோலின் முதல் அடி, இடதுபுற எல்லையைக் காட்டும் வெள்ளைக் குச்சியைத் தாண்டிப் போய்விட்டது. உடன் ஆடியவர் "இங்கேயே ட்ராப் பண்ணு, ரெண்டு பெனால்டி, லோக்கல் ரூல்தான்" என்றார்; ட்ராப் என்றால் பந்தைக் கையிலிருந்து கீழே விடுவது, பெனால்டி என்றால் ஸ்கோரில் சேரும் அபராத ஸ்ட்ரோக் (அடி). இன்னொருவர் "டீக்குத் திரும்பிப் போய்த்தான் அடிக்கணும்" என்றார். அதே ரவுண்டில் ரஃப்பில் (நீளமாக விட்ட புல்லில்) கிடந்த பந்தை ஆறு அங்குலம் நகர்த்தப் போனபோது தடுத்துவிட்டார்கள். பிறகு பந்து மின்கம்பியில் பட்டுத் திரும்பியதும், உங்கள் ஸ்கோரைக் குறிக்கும் மார்க்கர் மறுபடி அடிக்கச் சொன்னார். இவற்றை வைத்து "கிளப் தன் இஷ்டத்துக்கு விதி போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, கார்டு ஒன்று சொல்லி விதிப்புத்தகம் வேறொன்று சொன்னால் எது நிற்கும், மைதானத்தில் நின்றுகொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதுதான். உங்கள் கிளப்பின் கார்டு என் கையில் இல்லை. அதனால் எல்லா இடத்துக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன். கார்டைப் பார்த்தால்தான் முடிவாகும் என்பவற்றை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

கோல்ஃப் விதிகளை ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளும் சேர்ந்து வெளியிடுகின்றன. அமெரிக்காவும் மெக்சிகோவும் யுஎஸ்ஜிஏயின் கீழ் வரும். இந்தியா, இலங்கை உட்பட மற்ற நாடுகளுக்கு ஆர் அண்ட் ஏ பொறுப்பு. லோக்கல் ரூல், அதாவது ஒரு மைதானத்துக்கென்று தனியாக ஒரு விதி, போடும் அதிகாரத்தை இந்த விதிகளே கமிட்டிக்கு (மைதானத்தையோ போட்டியையோ நடத்தும் குழுவுக்கு) கொடுக்கின்றன. ஆகவே முறையாகப் போடப்பட்ட லோக்கல் ரூலும் விதிதான், அதை மீறினாலும் பெனால்டிதான். ஆனால் அந்த அதிகாரத்துக்கு வேலி உண்டு. விதிப்புத்தகத்தோடு வரும் அதிகாரபூர்வ வழிகாட்டியில் 'மாடல் லோக்கல் ரூல்ஸ்' என்று ஒரு நீண்ட தொகுப்பு இருக்கிறது. ஏ-யில் எல்லை, பி-யில் பெனால்டி ஏரியா (குளம், ஓடை போன்ற பகுதிகள்), இ-யில் ரிலீஃப் (பந்தை எடுத்து வேறு இடத்திலிருந்து ஆட விடும் சலுகை) முறைகள், எஃப்-இல் நிலத்தின் அசாதாரண நிலைமைகள், ஜி-யில் கருவிகள் என்று எழுத்துவாரியாகப் பிரித்திருப்பார்கள். கமிட்டி அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதே நோக்கத்துக்குள், தன் மைதானத்துக்குத் தக்கபடி வாசகத்தை மாற்றியும் எழுதலாம். "இந்த விதி எங்கள் உறுப்பினர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் பெனால்டியைக் குறைத்துவிட்டோம்" என்று மட்டும் எழுத முடியாது. அந்தத் தொகுப்பில் இல்லாத வகையில் விதியையே மாற்றும் எதற்கும் ஆர் அண்ட் ஏயின் ஒப்புதல் வேண்டும்.

இந்த வேறுபாட்டை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. லோக்கல் ரூல், நிலத்தில் இருக்கும் ஒரு பிரச்சினைக்கான ஏற்பாடு. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸின் 17ஆம் ஹோலில் கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் குறும்புல் பரப்புக்கு, பின்னால் தார்ச்சாலை ஓடுகிறது. பொது விதிப்படி தளம் போட்ட சாலை என்றால் நகர்த்த முடியாத தடை; இலவச ரிலீஃப் கிடைக்கும். ஆனால் அங்கே அந்தச் சாலை மைதானத்தின் ஒருங்கிணைந்த பகுதியாக அறிவிக்கப்பட்டிருப்பதால் பந்து எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அடித்தாக வேண்டும். அந்த ஹோலின் அச்சமே அந்தச் சாலைதான். இலவசமாக எடுத்துவைக்க விட்டால் ஹோலே மாறிவிடும். மறுகோடிக்கு ஓர் உதாரணம்: 1940இல் லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ரிச்மண்ட் கோல்ஃப் கிளப் தற்காலிக விதிகள் போட்டது. எதிரி நடவடிக்கையால் பந்து நகர்ந்தால் திருப்பி வைக்கலாம். தொலைந்தாலோ அழிந்தாலோ பெனால்டி இல்லாமல் வேறு பந்தை ட்ராப் செய்யலாம். ஆனால் அடிக்கும் அதே நொடியில் குண்டு வெடித்து ஷாட் கெட்டுப்போனால், மறுபடி அடிக்கலாம், ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி உண்டு. அந்த நிலைமையிலும் நிலமும் போரும் செய்ததற்கு நிவாரணம் தந்தார்களே தவிர, அடித்த ஷாட்டை இலவசமாகத் திரும்பத் தரவில்லை. உங்கள் கார்டில் ஒரு வரி சந்தேகமாக இருந்தால், இது நிலத்தின் பிரச்சினையைத் தீர்க்கிறதா, ஆடுபவரின் மோசமான ஷாட்டை மன்னிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இப்போது ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே போகும் பந்து. பொது விதி 18 சொல்வது ஒன்றே ஒன்று: எல்லைக்கு வெளியே போனாலோ, மூன்று நிமிடத் தேடலில் கிடைக்காவிட்டாலோ, ஒரு பெனால்டியோடு முன்பு அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். டீயிலிருந்து போயிருந்தால் அடுத்து அடிப்பது மூன்றாவது ஸ்ட்ரோக். "அங்கேயே ட்ராப்" என்பது பொது விதியில் இல்லவே இல்லை. 2019இல் விதிகள் மாற்றி எழுதப்பட்டபோது, ஆட்டம் தேங்காமல் இருக்க மாடல் லோக்கல் ரூல் இ-5 என்ற ஒன்று வந்தது. அதை உங்கள் கமிட்டி ஏற்று எழுத்தில் போட்டிருந்தால் மட்டுமே உங்கள் நண்பர் சொன்னது சரி. அதிலும் இடம் பற்றி அவர் சொன்னது பாதிதான் சரியாக இருக்கும்.

இ-5 நடைமுறையில் இப்படி. முதலில் பந்துக்கான ஆதாரப் புள்ளி: பந்து எல்லையைக் கடைசியாகக் கடந்த இடம், தொலைந்த பந்து என்றால் அது நின்றிருக்கும் என்று மதிப்பிடும் இடம். அடுத்தது ஃபேர்வே ஆதாரப் புள்ளி: அந்த ஹோலின் ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய நடுப்பகுதிப் புல்லில்) முதல் புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் இடம், ஆனால் ஹோலுக்கு அதைவிட நெருக்கமாக இருக்கக் கூடாது. கொடியிலிருந்து இந்த இரு புள்ளிகளின் வழியாகவும் பின்னோக்கி இரண்டு கோடுகள் இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியும், ஃபேர்வே பக்கக் கோட்டுக்கு உட்புறமாக இரண்டு கிளப் (பந்தை அடிக்கும் கோல்) நீளமும் ட்ராப் செய்யும் பகுதி. பந்துப் பக்கக் கோட்டுக்கு வெளியேயும் இரண்டு கிளப் நீளம் உண்டு. ஓபியில் அது பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் விழுந்துவிடுவதால் பயன்படாது. பந்து பொதுப் பகுதிக்குள்தான் (டீ, கிரீன், மணல்குழியான பங்கர், பெனால்டி ஏரியா தவிர்த்த மைதானம்) நிற்க வேண்டும், பந்தின் ஆதாரப் புள்ளியைவிட ஹோலுக்கு நெருங்கக் கூடாது. அதாவது வேலியோரப் புதரில் ட்ராப் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபேர்வே ஓரத்துக்கே வந்து செய்யலாம். இதற்கு விலை இரண்டு பெனால்டி. டீ ஷாட் ஓபி போய் இப்படி ட்ராப் செய்தால் அடுத்து அடிப்பது நான்காவது.

ஏன் இரண்டு? இதைப் புரிந்துகொண்டால் "ஒரு ஸ்ட்ரோக், அங்கேயே ட்ராப்" என்று பல கிளப்களில் பழக்கத்தில் இருப்பது ஏன் தவறு என்பதும் தெரிந்துவிடும். டீக்குத் திரும்பிப் போய் மூன்றாவது ஸ்ட்ரோக்கை ஃபேர்வேயில் போட்டிருந்தால், அங்கிருந்து அடிப்பது நான்காவதுதானே. இ-5 அதே கணக்கை நடையில்லாமல் தருகிறது. ஒரு பெனால்டியோடு ஃபேர்வே பக்கம் வந்தால் அது மூன்றாவது. எல்லைக்குள் ஒழுங்காக அடித்து ரஃப்பில் மாட்டிக்கொண்டவரைவிட நீங்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்றாகிவிடும். அப்படி ஒரு வரி உங்கள் கார்டில் இருந்தால், அது அங்கீகரிக்கப்பட்ட லோக்கல் ரூல் அல்ல. நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுவதற்கு எப்படியும் வைத்துக்கொள்ளலாம். ஹேண்டிகேப்புக்கு (ஆடுபவரின் திறனைக் காட்டும் எண்) போகும் ஸ்கோரில் கூடாது.

இ-5இல் பலரும் தவறவிடும் இரண்டு இடங்கள். ஒன்று, பிராவிஷனல் பந்து (முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று முன்கூட்டியே அடித்துவைக்கும் மாற்றுப் பந்து) அடித்துவிட்டால், முதல் பந்துக்கு இ-5ஐ எடுக்க முடியாது. பிராவிஷனலும் தொலைந்தாலோ ஓபி போனாலோ அந்தப் பந்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆகவே டீயில் நிற்கும்போதே முடிவு செய்ய வேண்டும்: இன்னொன்று அடித்துப் பார்ப்பதா, போய் ட்ராப் செய்வதா. இரண்டு, ட்ராப் செய்த கணத்திலேயே அந்தப் பந்து ஆட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு மூன்று நிமிடத்துக்குள்ளாகவே பழைய பந்தை உங்கள் பையைத் தூக்கும் கேடி கண்டுபிடித்தாலும் பயனில்லை. அதை அடித்தால் தவறான பந்து. உயர்நிலைப் போட்டிகளில் இந்த விதியைப் போட வேண்டாம் என்பதுதான் வழிகாட்டியின் பரிந்துரை. அதனால் சாதாரண நாள் கார்டில் இருப்பது சாம்பியன்ஷிப் நாளில் எடுக்கப்பட்டிருக்கலாம். அன்றைய அறிவிப்பைப் பாருங்கள்.

விதி போடப்படாத நாளில் நீங்கள் அங்கே ட்ராப் செய்து ஆடி முடித்திருந்தால் அது தவறான இடத்திலிருந்து ஆடியது, அதுவும் கடுமையான மீறல் என்ற வகை. அடுத்த ஹோலின் டீயில் அடிப்பதற்குள் திரும்பிப் போய்ச் சரிசெய்யாவிட்டால் தகுதி நீக்கம். போட்டி முடிந்து முடிவும் இறுதியாகிவிட்டது என்றால், தெரியாமல் செய்ததற்காகப் பின்னால் தகுதி நீக்கம் செய்வதில்லை. உங்களுடையது எது என்று கார்டைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

ரஃப்பில் நகர்த்த விடாததில் உங்களைத் தடுத்தவர் பக்கமே நியாயம் இருக்க வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் பந்தை எடுத்துக் கொஞ்சம் நகர்த்தி வைக்க விடும் 'ப்ரிஃபர்டு லைஸ்' மாடல் லோக்கல் ரூல் இ-3. அது ஃபேர்வே உயரத்துக்கோ அதற்கும் குறைவாகவோ வெட்டப்பட்ட புல்லுக்கு மட்டும்தான். ஃபேர்வேயிலிருந்து ஒரு அடி தள்ளி ரஃப்பில் கிடந்தாலும் பொருந்தாது. நகர்த்தும் தூரத்தைக் கமிட்டி சொல்ல வேண்டும்: ஆறு அங்குலம், ஒரு ஸ்கோர் கார்டு நீளம், ஒரு கிளப் நீளம் என்று கிளப்புக்குக் கிளப் மாறும். எந்தத் தூரமானாலும் ஹோலுக்கு நெருங்கக் கூடாது, பொதுப் பகுதிக்குள் இருக்க வேண்டும். கிரீன் ஓரத்தில் கிடக்கும் பந்தை ஆறு அங்குலம் நகர்த்தி கிரீன் மேல் வைப்பது தவறு. ட்ராப் அல்ல, கையால் வைப்பது; ஒரே ஒரு முறை. வைத்துக் கையை எடுத்த பிறகு "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று தள்ளினால் பெனால்டி வரும். எடுப்பதற்கு முன் மார்க் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. இருந்தாலும் ஒரு டீயை (பந்தை நிறுத்தும் சிறு ஆணியை) குத்திவிட்டு எடுப்பதையே எல்லோருக்கும் சொல்வேன்: எங்கிருந்து ஆறு அங்குலம் என்ற வாக்குவாதம் வராது. கார்டில் "அமலில் இருக்கும்போது" என்று எழுதியிருந்தால், அன்று அமலில் இருக்கிறதா என்பதை அறிவிப்புப் பலகைதான் சொல்லும். சென்னைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்பாலும் இருக்கும் என்ற நினைப்பில் நகர்த்திவிடாதீர்கள்.

மின்கம்பி விஷயம் இன்னும் தெளிவானது. பொது விதிப்படி பந்து எதன்மேல் தற்செயலாகப் பட்டாலும், போய் நின்ற இடத்தில்தான் ஆட வேண்டும். கம்பி குறுக்கே போகும் ஹோலுக்குக் கமிட்டி இ-11ஐப் போட்டிருந்தால் அந்த ஸ்ட்ரோக் கணக்கில் வராது. முன்பு அடித்த இடத்திலிருந்து பெனால்டியின்றி மறுபடி அடித்தே ஆக வேண்டும். 'ஆக வேண்டும்' என்பதைக் கவனியுங்கள். கம்பியில் பட்ட பந்து நல்ல இடத்தில் விழுந்துவிட்டது என்று அதையே ஆட முடியாது. லோக்கல் ரூல் இல்லாத ஹோலில் மார்க்கர் பேச்சைக் கேட்டு நீங்கள் மறுபடி அடித்திருந்தால், அது ஒரு பெனால்டியோடு பழைய இடத்துக்குத் திரும்பியதாகவே கணக்கு. முதல் ஸ்ட்ரோக்கும் சேரும்.

இப்படி 'லாம்' என்பதும் 'வேண்டும்' என்பதும்தான் கார்டைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியவை. ட்ராப்பிங் ஸோன் (ட்ராப் செய்யக் கமிட்டி குறித்துவைத்த வட்டம்) என்றால் பெரும்பாலும் 'லாம்': மற்ற ரிலீஃப் வழிகளோடு கூடுதலாக ஒன்று. அங்கே பந்து வட்டத்துக்குள் விழுந்து வட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே உருண்டால் மறுபடி ட்ராப். உங்கள் கால் வட்டத்துக்கு வெளியே இருந்தால் பரவாயில்லை. முட்டுக்கொடுத்த இளங்கன்றுகளை நோ ப்ளே ஸோனாக (ஆடக் கூடாத இடமாக) அறிவித்திருந்தால் அது 'வேண்டும்'. பந்து அதற்குள் கிடந்தாலும், வெளியே கிடந்து உங்கள் நிற்பையோ ஸ்விங்கையோ கன்று தடுத்தாலும் ரிலீஃப் எடுத்தே தீர வேண்டும். "பரவாயில்லை, நான் அடித்துக்கொள்கிறேன்" என்று அடித்தால் ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளை எண்ணும் போட்டி) இரண்டு பெனால்டி, மேட்ச் ப்ளேயில் (ஹோலுக்கு ஹோல் எதிராளியோடு மோதும் போட்டி) ஹோல் போய்விடும். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது எந்த ஹோலுக்கு என்பது. உள் எல்லை என்று சொல்லும் இன்டர்னல் ஓபி பெரும்பாலும் ஒரு ஹோலுக்கு மட்டும் இருக்கும். வளைந்து போகும் ஹோலில் பக்கத்து ஃபேர்வே வழியாகக் குறுக்கே அடித்து, அங்கே ஆடுபவர்கள் தலையில் பந்து விழாமல் இருக்க அதைப் போடுவார்கள். 7ஆம் ஹோலை ஆடும்போது ஓபியாக இருக்கும் அதே புல், 8ஆம் ஹோலில் சாதாரண மைதானம்.

கிரீன் ஓரத்து ஸ்ப்ரிங்க்ளர் மூடி பற்றி அடிக்கடி கேள்வி வருவதால் சேர்த்துச் சொல்கிறேன். பந்து ஃப்ரிஞ்சில் (கிரீனைச் சுற்றிய ஓரப் புல்லில்) இருக்கிறது, மூடி உங்கள் நிற்பையோ ஸ்விங்கையோ தடுக்கவில்லை, ஆனால் பட் செய்யும் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும்) பாதையில் இருக்கிறது என்றால் பொது விதியில் ரிலீஃப் கிடையாது. எஃப்-5 போடப்பட்டிருந்தால் கிடைக்கும், இரண்டு நிபந்தனையோடு: மூடி கிரீனிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள் இருக்க வேண்டும், பந்தும் மூடியிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள் இருக்க வேண்டும். கிளப் நீளம் என்றால் பையில் பட்டரைத் தவிர்த்து மிக நீளமான கிளப், அதாவது பெரும்பாலும் டிரைவர். கையில் இருக்கும் வெட்ஜை வைத்து அளப்பதும் தவறு, பட்டரை வைத்து அளப்பதும் தவறு.

குச்சிகளும் கோடுகளும் எங்கே தொடங்குகின்றன என்பதில் ஒரு பந்தின் அகலம் தீர்ப்பையே மாற்றிவிடும். வெள்ளைக் குச்சி என்றால், தரைமட்டத்தில் குச்சிகளின் மைதானப் பக்க விளிம்புகளை இணைக்கும் கோடுதான் எல்லை. பந்து முழுவதும் அதற்கு வெளியே இருந்தால்தான் ஓபி. கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும் மைதானத்தில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோடு என்றால் கோடே ஓபி. சிவப்பு, மஞ்சள் இதற்கு நேர் எதிர்: பெனால்டி ஏரியாவின் கோடும் குச்சியும் அதற்குள்தான் சேர்த்தி, பந்து கோட்டைத் தொட்டாலே உள்ளே. இன்னொரு முக்கியமான வித்தியாசம், சிவப்பு அல்லது மஞ்சள் குச்சி ஸ்விங்கைத் தடுத்தால் அசைத்துப் பிடுங்கி வைத்துவிட்டு அடிக்கலாம், வெள்ளைக் குச்சியைத் தொடக் கூடாது. அதைப் பிடுங்கி நிலைமையைச் சாதகமாக்கிக்கொண்டு அடித்தால் இரண்டு பெனால்டி. அடிப்பதற்கு முன் பழையபடி நட்டுவிட்டால் தப்பலாம். எல்லை வேலிக்கும் இதே கதிதான், இலவச ரிலீஃப் இல்லை. மண்பாதைக்கும் இல்லை, தளம் போட்ட கார்ட் பாதைக்கு உண்டு, கமிட்டி வேறுவிதமாக அறிவிக்காதவரை.

கார்டு பழையதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. 'வாட்டர் ஹஸர்ட்', 'லேட்டரல் வாட்டர் ஹஸர்ட்', 'த்ரூ தி கிரீன்' என்ற சொற்கள் இருந்தால் அது 2019க்கு முந்தையது. அந்த ஆண்டு 34 விதிகள் 24 ஆகச் சுருங்கின. தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றானது. ட்ராப் தோளிலிருந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. முன்பு லோக்கல் ரூலாக இருந்த பல, பொது விதிக்குள்ளேயே வந்துவிட்டன. பங்கரில் கிடக்கும் கல்லை எடுக்கலாம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. உதிரிப் பொருளை எங்கும் எடுக்கலாம், எடுக்கும்போது பந்து நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ரஃப்பில் தன் வேகத்தில் மண்ணில் புதைந்த பந்துக்கும் இப்போது பொது விதியிலேயே ரிலீஃப் உண்டு. தூரம் அளக்கும் கருவி முன்பு லோக்கல் ரூல் இருந்தால்தான் அனுமதி. இப்போது தடுக்கத்தான் லோக்கல் ரூல் வேண்டும், அது ஜி-5. கருவியில் ஏற்ற இறக்கக் கணக்கு மட்டும் அணைந்திருக்க வேண்டும். பழைய கார்டில் இருக்கும் வரி பொது விதியோடு ஒத்துப்போனால் தொல்லையில்லை. முரண்பட்டால் கமிட்டியிடம்தான் கேட்க வேண்டும், நீங்களாகவே தள்ளிவிட முடியாது.

நம் பக்கத்து மைதானங்களில் விலங்குகளுக்கென்று லோக்கல் ரூல் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் தேவையே இல்லை. கொடைக்கானல் மைதானத்தில் காட்டெருமைகள் மேய்வது வழக்கமான காட்சி. ஒன்று பந்தருகே நின்றால் விதி 16.2 ஆபத்தான விலங்கு என்ற கணக்கில் இலவச ரிலீஃப் தருகிறது; ஆபத்தில்லாத மிக அருகிலிருக்கும் இடத்திலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்கு நெருங்காமல் ட்ராப். விஷப்பாம்பு, கொட்டும் தேனீ எல்லாம் இதில் அடங்கும்; முள்செடி அடங்காது. காகமோ குரங்கோ நின்றிருந்த பந்தைத் தூக்கிக்கொண்டு போனால், அது இருந்த இடத்தை மதிப்பிட்டு வேறு பந்தை வைக்க வேண்டும், பெனால்டி இல்லை. ஆனால் யாராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது வேறு எதுவும் நடந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லும் அளவுக்குத் தடயம் இருக்க வேண்டும். "இங்கே காகம் நிறைய" என்பது போதாது. அது தொலைந்த பந்துதான். கமிட்டி தலையிட வேண்டியது குளம்புத் தடத்தில். விலங்கு தோண்டிய குழிக்குப் பொது விதியில் ரிலீஃப் உண்டு. மிதித்த தடத்துக்குக் கிடையாது, கமிட்டி அதைப் பழுதான நிலமாக அறிவித்தால்தான் கிடைக்கும். எறும்புப் புற்று உதிரிப் பொருள், தள்ளிவிட்டு ஆடலாம். கையால் தள்ள முடியாதபடி இறுகிப்போன புற்றுகள் இருக்கும் மைதானத்தில் அவற்றுக்குத் தனி வரி எழுதுவது நல்லது.

மைதானத்தில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். மூன்று சம்பவங்களிலும் உங்களைக் காப்பாற்றியிருக்கக் கூடியது இதுதான். ஸ்ட்ரோக் ப்ளேயில் விதி 20.1சி இரண்டு பந்து ஆட அனுமதிக்கிறது. சந்தேகம் வந்ததும், அடுத்த ஸ்ட்ரோக் அடிப்பதற்கு முன், "இரண்டு பந்து ஆடுகிறேன், விதி அனுமதித்தால் இந்தப் பந்து கணக்கில் வரட்டும்" என்று மார்க்கரிடம் சொல்ல வேண்டும். எது என்று சொல்லாவிட்டால் முதலில் ஆடிய பந்தே தேர்ந்தெடுத்ததாகக் கொள்ளப்படும். இரண்டையும் ஹோலில் போட்டு, இரண்டு ஸ்கோரையும் குறித்துக்கொண்டு, கார்டைக் கொடுப்பதற்கு முன் கமிட்டியிடம் சொல்ல வேண்டும். இரண்டிலும் ஒரே ஸ்கோர் வந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் தகுதி நீக்கம். மேட்ச் ப்ளேயில் இந்த வழி கிடையாது. அங்கே எதிராளியோடு நல்லெண்ணத்தில் ஒரு முடிவுக்கு வரலாம். உடன்பாடு இல்லையென்றால் அடுத்த ஹோலில் யாரும் அடிப்பதற்கு முன்பே, தீர்ப்பு கேட்கப்போவதாக அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். இரண்டு வடிவத்திலும் செய்யவே கூடாத ஒன்று: விதி இது என்று தெரிந்துகொண்டே "விடுங்க, நமக்குள்ள பார்த்துக்கலாம்" என்று சேர்ந்து ஒதுக்குவது. அப்படி ஒப்புக்கொண்டு ஆடத் தொடங்கினால் ஒப்புக்கொண்ட எல்லோருக்கும் தகுதி நீக்கம்.

சைரன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இடி மின்னல் பருவத்தில் கார்டின் இந்த வரியைத் தெரியாமல் யாரும் வெளியே போகக் கூடாது. வழக்கமான முறையில், ஒரே நீண்ட ஒலி என்றால் உடனே நிறுத்து. ஹோலை முடிக்கவும், அடுத்த பட் ஷாட்டை அடிக்கவும் அனுமதியில்லை. மூன்று முறை தொடர்ந்து ஒலித்தால் சாதாரண நிறுத்தம். தொடங்கிய ஹோலை முடிக்கலாம். இரண்டு குறுகிய ஒலிகள் மறுதொடக்கம். சைரன் ஒலிக்காவிட்டாலும் மின்னல் ஆபத்து என்று உங்களுக்கே நியாயமாகத் தோன்றினால் நிறுத்தலாம், கமிட்டிக்குச் சீக்கிரம் தெரிவித்தால் போதும்.

கடைசியாக, உங்கள் கார்டில் இ-5 இருக்கிறதா இல்லையா என்பதைச் செயலாளரிடம் வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போது "நம் ஓபி விதி மாடல் லோக்கல் ரூல் இ-5இன்படி இரண்டு பெனால்டியா, எந்தெந்த நாட்களில் அமல், மின்கம்பி விதி எந்த ஹோல்களுக்கு, ப்ரிஃபர்டு லைஸ் தூரம் எவ்வளவு, அது அமலில் இருப்பதை எங்கே ஒட்டுவீர்கள்" என்று ஐந்தையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அதன் படத்தைப் போடுங்கள். வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.